பிக்கப்ல பிரேக் அடிச்சா ஸ்டியரிங் உதறுது: கழட்டி அளந்து பார்த்து டிஸ்க் மாத்தின அனுபவம்

லோடோட கொல்லிமலை 70 ஊசி வளைவும் இறங்கி வந்ததுல இருந்து நம்ம பிக்கப்ல ஒரு ஆட்டம். 60க்கு மேல போய் பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் கையில படபடன்னு உதறுது, காலை எடுத்துட்டா ஒண்ணுமே இல்ல. பிரேக் தொடாம சும்மா ஓடும்போதே ஆடுனா வீல் பேலன்ஸ், டயர்னு பாக்கலாம், இது அது இல்ல. பின் வீல் டிரம் பிரேக்கா இருக்குமோன்னு, ஹேண்ட் பிரேக் பின் வீலை மட்டும்தான் புடிக்கும்ங்கிறதால, காலி ரோட்டுல 40ல போகும்போது ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கிப் புடிச்சிட்டே மெதுவா இழுத்துப் பாத்தேன், ஆட்டம் வரல. அப்போ முன்பக்கம்தான்.

பட்டறையில கேட்டா உடனே "டிஸ்க் பெண்டுங்க, மாத்திடுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. டிஸ்க்னா வீலோட சேந்து சுத்துற இரும்புத் தட்டு, அதை ரெண்டு பக்கமும் பேட் அமுக்கித்தான் பிரேக் புடிக்கும். மாத்துறது சரி, ஏன் அப்படி ஆச்சுன்னு தெரியாம மாத்துனா புதுசும் கொஞ்ச நாள்ல அதே ஆட்டம் போடும். அதனால ஆட்டத்தை அளக்குற டயல் கேஜும் கனத்தை அளக்குற மைக்ரோமீட்டரும் கடன் வாங்கிட்டு வந்து உக்காந்தேன்.

வீலைக் கழட்டி, டிஸ்க் ஹப்போட (வீலும் டிஸ்க்கும் மாட்டுற நடுப்பகுதி) ஒட்டி உக்கார்ற மாதிரி நட்டுக்கு வாஷர் போட்டு டைட் பண்ணிட்டு, டயல் கேஜ் முள்ளை டிஸ்க் ஓரத்துல இருந்து ஒரு 10 மிமீ உள்ள வச்சு கையால சுத்துனேன். இடது பக்கம் 0.12 மிமீ ஆடுது. டிஸ்க்கைக் கழட்டுனா ஹப் முகத்துல துரு பொருக்கு பொருக்கா நிக்குது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு அதே டிஸ்க்கைத் திருப்பி மாட்டுனா 0.05க்கு வந்துருச்சு! அப்போ டிஸ்க் எங்க பெண்டாச்சு? துரு மேல கோணலா உக்காந்த டிஸ்க் ஒவ்வொரு சுத்துலயும் ஒரே இடத்துல பேட்ல உரசி உரசி அந்த இடம் மட்டும் தேஞ்சிருக்கு. மைக்ரோமீட்டர் வச்சு சுத்தி வர அளந்தா கனம் ஒரு இடத்துல 22.50 மிமீ, இன்னொரு இடத்துல 22.46. இந்த 0.04 வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா காலுக்கும் கைக்கும் நல்லாவே தெரியும். போதாததுக்கு காலிப்பர் (பேட்டை டிஸ்க்ல அமுக்குற கிளாம்ப்) நகர்றதுக்கு இருக்கிற பின் ஒண்ணு இறுகிப் போய் உள்பக்க பேட் பாதிக்கு மேல காலி, வெளிப்பக்கம் கெட்டியா இருக்கு.

லேத்துல கொடுத்து முகம் எடுத்தா என்னன்னு யோசிச்சேன், செலவு கம்மி. ஆனா டிஸ்க் ஓரத்துல குறைஞ்சபட்ச கனம் 22ன்னு அடிச்சிருக்கு, ரெண்டு பக்கமும் சுரண்டுனா கிட்டத்தட்ட அங்கயே போய் நிக்கும், மலையில லோடு இழுக்குற வண்டிக்கு அது வேண்டாம்னு புதுசே வாங்கிட்டேன். ரெண்டு பக்கமும் சேத்துதான் மாத்தணும். ஓட்டை போட்ட டிஸ்க் பாக்க ஜோரா இருக்கும், சூடாகி ஆறி சூடாகி ஆறி அந்த ஓட்டையில இருந்தே விரிசல் ஓடும், லோடு வண்டிக்கு அது சும்மா ஷோ. நடுவுல காத்து போற சாதா டிஸ்க் போதும். பேட்ல செராமிக்கா செமி மெட்டாலிக்கான்னு ரொம்ப நேரம் மண்டை காஞ்சது. செராமிக் சத்தம் போடாது, வீல்ல கரி அடிக்காது, ஆனா நமக்கு இறக்கத்துல சூடு தாங்குறதுதான் முக்கியம், அதனால செமி மெட்டாலிக். காலையில முதல் பிரேக்குக்கு லேசா கிரீச்சுங்குது, பரவால்ல.

மாட்டும்போது புது டிஸ்க்ல இருக்கிற எண்ணெயை பிரேக் கிளீனர் அடிச்சு சுத்தமா எடுத்துட்டேன். காலிப்பர் பின்னுக்கு சிலிகான் கிரீஸ்தான் போடணும், வீல் பேரிங் கிரீஸைத் தடவுனா ரப்பர் உப்பிப் போயிடும். வீல் நட்டை எதிர் எதிரா, அளவா இறுக்குற டார்க் ரெஞ்ச் வச்சே முறுக்குனேன், ஏர் கன்னால ஒண்ணை ஓவரா இறுக்கி ஒண்ணை லூசா விட்டாலே டிஸ்க் கோணும்.

அப்புறம் 60ல இருந்து 10 வரைக்கும் பிரேக் போட்டு, முழுசா நிறுத்தாம, திரும்ப வேகம் எடுத்துன்னு பல தடவை ஓட்டி பேட்டை உக்கார வச்சாச்சு. கடைசியா கொஞ்ச தூரம் பிரேக் தொடாம ஓட்டி ஆற விட்டேன். கொதிக்கிற டிஸ்க்ல பேட்டை அழுத்திப் புடிச்சிட்டே நின்னா பேட் மருந்து அந்த இடத்துல அப்பிக்கும், மறுபடி உதறல்தான்.

இப்ப 80ல மிதிச்சாலும் ஸ்டியரிங் ஆடாம நிக்குது. இனி மலை இறங்கும்போது செகண்ட் கியர்தான், பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதிக்கிறது. பின் வீல் டிரம் பிரேக் லைனர் அடுத்த சர்வீஸ்ல திறந்து பாக்கணும்.