ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி.: மலையில் இருந்துகொண்டு எதைத் தேர்ந்தெடுப்பது?

நர்சிங் படிக்க வைக்கலாமா என்ற பேச்சு நீலகிரி வீடுகளில் பெரும்பாலும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் எழுகிறது. ஆனால் பாதி முடிவு பிளஸ் ஒன் சேர்ந்த அன்றைக்கே எடுக்கப்பட்டுவிட்டது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் கட்டாயம். பொதுப் பிரிவினருக்கு அறிவியல் பாடங்களில் 45 சதவீதம் வேண்டும். பொது நர்சிங்கும் பேறுகால உதவியும் சேர்ந்த ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது 40 சதவீதம். எந்த குரூப் என்றாலும் சேரலாம், அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. துணை நர்ஸ், பேறுகால உதவியாளர் படிப்பான ஏ.என்.எம்.முக்குப் பிளஸ் டூ தேறியிருந்தால் போதும். ஊர்ப் பள்ளியில் பயோ குரூப் இல்லை, பக்கத்து ஊருக்குப் பஸ் சரியில்லை என்று காமர்ஸில் சேர்ந்த பெண்ணுக்கு, அவள் அறியாமலேயே பி.எஸ்சி. கதவு மூடிவிடுகிறது. மகள் நர்ஸ் ஆக ஆசைப்படுகிறாள் என்றால் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு யோசிக்க வேண்டும்.

மூன்று படிப்புக்கும் கணக்கு இப்படி. ஏ.என்.எம். 2 வருடம், அதில் கடைசி 6 மாதம் பயிற்சிப் பணி. ஜி.என்.எம். 3 வருடம். பி.எஸ்சி. 4 வருடம். ஏ.என்.எம். முடித்துவிட்டு ஜி.என்.எம். சேரலாம், ஜி.என்.எம். முடித்துவிட்டு 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேரலாம். ‘முதலில் சின்னப் படிப்பு படிக்கட்டும், அப்புறம் மேலே போகலாம்’ என்று வீட்டில் சொல்வது இதை நம்பித்தான். ஏ.என்.எம். படித்ததற்காக ஜி.என்.எம்.மில் ஒரு வருடமும் கழியாது என்பதை அப்போது யாரும் சொல்வதில்லை. முழு 3 வருடமும் முதலிலிருந்து படிக்க வேண்டும். படிப்படியாக ஏறினால் டிகிரி கைக்கு வர 2, 3, 2 என்று 7 வருடம். நேரே சேர்ந்தால் 4. நடுவில் வேலை, கல்யாணம், குழந்தை என்று வந்தால் இரண்டாவது படியோடு நின்றுவிடுவது சகஜம்.

அதற்காக ஏ.என்.எம். மட்டமான படிப்பு என்று ஆகிவிடாது. அது வேறு வேலைக்கான படிப்பு. ஒரே மருந்தை இரண்டு பேரும் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்தாலே வித்தியாசம் புரியும். கர்ப்பிணிக்கு ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வந்துவிட்டால் இருவரும் எடுப்பது மெக்னீசியம் சல்பேட்தான். துணை சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கும் ஏ.என்.எம்.முக்கு அனுமதி உள்ளது முதல் டோஸ் மட்டும்: 10 கிராம், இரண்டு பிட்டத்திலும் ஆழமான தசை ஊசியாக 5 கிராம் வீதம். 50 சதவீத மருந்தில் 2 மி.லி. ஆம்பூலுக்கு 1 கிராம். அப்படியானால் ஒரு பக்கத்துக்கு 5 ஆம்பூல், 10 மி.லி. போட்ட கையோடு நேரத்தைச் சீட்டில் எழுதி, 108ஐக் கூப்பிட்டு ரெபர் செய்ய வேண்டும். நேரம் எழுத மறந்தால், அடுத்த டோஸ் எப்போது என்று அனுப்பப்படும் ஆஸ்பத்திரி குழம்பிப்போகும். கூடலூரிலிருந்தே ஊட்டிக்கு 50 கி.மீ., அதில் பெரும்பகுதி ஏற்றமும் வளைவும். அந்தத் தூரத்தைத் தாங்குவதற்குத்தான் முதல் ஊசி.

வார்டில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் அதே மருந்தை டாக்டர் உத்தரவின் பேரில் ரத்தக்குழாயில் ஏற்றுகிறார். 4 ஆம்பூல், அதாவது 8 மி.லி.யுடன் 12 மி.லி. சலைன் சேர்த்து 20 மி.லி. ஆக்கி, குறைந்தது 5 நிமிடம் எடுத்து மெதுவாக. அவருடைய உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். அடுத்த டோஸ் ஒவ்வொன்றுக்கும் முன்னால் முழங்காலில் தட்டினால் கால் துள்ளும் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று சரியில்லை என்றாலும் டோஸை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட வேண்டும். விஷமானால் முறிக்க 10 சதவீத கால்சியம் குளுகோனேட் 10 மி.லி. படுக்கைப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அலமாரியில் பூட்டிய நிலையில் அல்ல. தனியாக நின்று உடனே முடிவெடுப்பது ஒன்று. பலரோடு நின்று மணிக்கணக்காகக் கவனிப்பது இன்னொன்று. யாருக்கு எது வரும் என்பது சுபாவத்தையும் பொறுத்தது.

ஏ.என்.எம். முடித்தவர் பார்க்கும் கிராம சுகாதார செவிலியர் வேலையில் ஊசி போடுவது சிறு பகுதி. மலைப்பகுதியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 3000 மக்கள் என்பது அளவு, சமவெளியில் 5000. தலை குறைவுதான், ஆனால் எஸ்டேட் லைன், பழங்குடிக் கிராமம், காட்டோர வீடு என்று சிதறிக் கிடக்கும். கர்ப்பிணியைப் பதிந்து பிக்மி என்ற அரசுக் கர்ப்பப் பதிவு நம்பர் வாங்குவது, ரத்தசோகை பார்ப்பது, பிரசவ தேதிக்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு வர ஒப்புக்கொள்ள வைப்பது, தடுப்பூசி நாள் நடத்துவது எல்லாம் அந்த ஒருவர் தலையில். இருளர், குறும்பர், பணியர் வசிக்கும் பகுதிகளில் சிக்கிள் செல் சோகை (ரத்த அணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) இருப்பதால், ‘சத்துக் குறைவு’ என்று இரும்பு மாத்திரை கொடுத்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. கூடலூரில் 1990ல் தொடங்கிய ஆதிவாசி ஆஸ்பத்திரி, பழங்குடிப் பெண்களையே நர்ஸ்களாகப் பயிற்றுவித்ததற்குக் காரணம் இருக்கிறது: வீட்டு வாசலில் நின்று அவர்கள் பேச்சிலேயே பேசக்கூடிய ஆள் வேண்டும்.

தடுப்பூசிப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டியில் வைத்தால் பென்டாவேலன்ட், டி.டி. போன்றவை உறைந்து வீணாகும். பேக் வெளியே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருந்துதான் வைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஊட்டி, மஞ்சூர்ப் பக்கம் அது வியர்க்கச் சமவெளியைவிட வெகு நேரம் ஆகும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டால், வெளிப்பார்வைக்கு நன்றாகவே தெரியும், வேலை செய்யாத ஊசிதான் குழந்தைக்குப் போகும்.

வேலைவாய்ப்புக்கு வருவோம். அரசு ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் ஜி.என்.எம்., பி.எஸ்சி. இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். பதவியும் ஒன்று, சம்பளமும் ஒன்று. டிகிரியின் பலன் தெரிவது பிறகு: எம்.எஸ்சி. சேர, நர்சிங் கல்லூரியில் ஆசிரியராக, வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு. ஏ.என்.எம்.முக்கு வழி தனி: கிராம சுகாதார செவிலியர், பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று பொது சுகாதாரத் துறைக்குள்ளேயே மேலே போகும். அந்த வழியிலிருந்து ஆஸ்பத்திரி வார்டுக்கு மாற வேண்டுமானால் மறுபடி படிப்புதான். பி.எஸ்சி. முடித்து வந்தவர்களுக்குக் கை ஓடாது என்று வார்டுகளில் ஒரு பேச்சு உண்டு. முதல் சில மாதம் அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், அப்புறம் வித்தியாசமே தெரியாது.

என் கணிப்பைச் சொல்கிறேன். பயோ குரூப்பும் மார்க்கும் இருந்து அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் பி.எஸ்சி. தவிர வேறு யோசனை வேண்டாம். அது கிடைக்காமல், பெருங்கடன் வாங்கித் தனியார் பி.எஸ்சி.யா, அரசு ஜி.என்.எம்.மா என்று வந்தால் நான் ஜி.என்.எம். பக்கம். மலையிலேயே இருந்து ஊர் ஊராகப் போகும் வேலைதான் பிடிக்கும் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் ஏ.என்.எம். எடுக்கட்டும். மார்க் குறைந்ததற்கு ஆறுதலாக எடுப்பவர்கள்தான் பின்னால் தவிக்கிறார்கள்.

இந்த மூன்றிலும் சேராதது ஒன்று இருக்கிறது: மாடியில் போர்டு மாட்டி நடத்தும் ஆறு மாத, ஒரு வருட ‘நர்சிங்’ கோர்ஸ். சீருடை, தொப்பி, போட்டோ எல்லாம் உண்டு, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு மட்டும் கிடையாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் இல்லை. கிளினிக்கில் ஊசி போடச் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் மாட்டிக்கொள்வது அந்தப் பெண்தான். ‘அமெரிக்காவில் பிராக்டிகல் நர்ஸ் ஆகலாம்’ என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அங்கே எல்.பி.என். என்பது சுமார் ஒரு வருடப் படிப்பு, அதற்கென்று தனித் தேர்வு. நம் ஏ.என்.எம். சான்றிதழ் அதற்கு நேர் சமம் ஆகாது. நர்ஸ்களுக்கு அங்கே உள்ள விசா சலுகையும் ஆர்.என். எனப்படும் பதிவு பெற்ற முழு நர்ஸ்களுக்குத்தான்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் சேரும் வருடத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சில் பட்டியலில் பாருங்கள்; பி.எஸ்சி. என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் வேண்டும். பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி, அங்கே பிரசவம் நடக்கிறதா என்று சீனியர் மாணவிகளிடம் கேளுங்கள். பிரசவமே இல்லாத ஆஸ்பத்திரியில் பயிற்சி நோட்டில் கையெழுத்து மட்டும்தான் சேரும். பீஸைத் தவிர ஹாஸ்டல், மெஸ், சீருடை, பயிற்சிக்குப் போகும் பஸ் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவைக்கச் சொன்னால் நகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு அடமானம் தேவையில்லை, ஆனால் படிப்புக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால் வங்கி தராது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு.

சாதிச் சான்றிதழில்தான் பழங்குடிப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். மற்றவர்களுக்குத் தாலுகா ஆபீஸோடு வேலை முடிந்துவிடும். எஸ்.டி. சான்றிதழ் கோட்டாட்சியர் தருவது. ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்று கோட்டத்தில் எது உங்களுடையதோ அங்கே விசாரணை நடந்து வர வேண்டும். அதைப் பிளஸ் டூ தேர்வு எழுதும் முன்பே விண்ணப்பித்து வையுங்கள். ரிசல்ட் பார்த்துவிட்டு அலைந்தால் கவுன்சிலிங் தேதிக்குள் கைக்கு வராது.