மழைநீர் டிரம்முக்கு அபராதம்: ஹெச்ஓஏ விசாரணைக்குப் போன அனுபவம்

டெக்சாஸில் புதிய குடியிருப்புகளில் வீடு வாங்கினால் பெரும்பாலும் ஹெச்ஓஏவும் (வீட்டு உரிமையாளர் சங்கம்) கூடவே வந்துவிடும். சேர விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. நிபந்தனைகள் மனையோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். வாங்குபவர் உறுப்பினர், விற்கும்வரை உறுப்பினர். சந்தாவைக் கட்டாமல் விட்டால் விஷயம் வீட்டை ஏலம் விடுவது வரை போகலாம். இந்தக் கட்டாயம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

எங்கள் வீட்டின் பக்கவாட்டில், வேலிக்கு உள்ளே, கூரைத் தண்ணீர் விழும் குழாயின் அடியில் ஒரு மழைநீர் டிரம் வைத்திருந்தோம். அனுமதி வாங்கவில்லை, உடனே எடுங்கள், இல்லாவிட்டால் அபராதம் என்று ஹெச்ஓஏவின் நிர்வாக நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. போன் செய்தால் "விதி அப்படித்தான்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

மாநிலச் சொத்துச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். பிரிவு 202.007-இன்படி மழைநீர் டிரம்மை ஹெச்ஓஏ அடியோடு தடை செய்ய முடியாது. வீட்டு முகப்புக்கும் தெருவுக்கும் நடுவில் வைக்கக் கூடாது எனலாம், வீட்டின் நிறத்தோடு ஒத்துப்போகாத நிறம் கூடாது எனலாம். வீட்டின் பக்கவாட்டிலோ, தெருவிலிருந்தோ வேறு மனையிலிருந்தோ பொது இடத்திலிருந்தோ தெரியும் இடத்திலோ இருந்தால் அளவு, வகை போன்றவற்றைக் கட்டுப்படுத்தலாம். இன்னொன்றும் தெரிந்தது: வெறும் அபராத பாக்கிக்காக மட்டும் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதைப் படித்த அன்றுதான் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

அபராதத்துக்கு எதிராக போர்டின் (ஹெச்ஓஏவின் நிர்வாகக் குழு) முன் விசாரணை கேட்கும் உரிமை அதே சட்டத்தின் 209-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. கடிதம் தபாலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும், போனில் சொன்னால் செல்லாது. சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பாக அவர்கள் காட்டப்போகும் ஆவணங்கள், படங்கள் எல்லாவற்றையும் நமக்குத் தர வேண்டும். தராவிட்டால் 15 நாள் தள்ளிவைக்கக் கேட்கலாம். எனக்கு எதுவும் வரவில்லை. இந்த விதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் போட்ட பிறகுதான் வந்தது.

அதில் இருந்த ஒரே படம் என் பக்கம் பேசியது. பாதிப் படம் வேலிப் பலகை. இரண்டு பலகைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் கேமராவை வைத்து எடுத்திருக்கிறார்கள், அதில் நீல டிரம்மின் ஒரு ஓரம் தெரிகிறது. தெருவில் நடந்துபோகும் யாருக்கும் அது தெரியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

போர்டில் இருந்தவர்களும் எங்கள் தெருக்காரர்கள்தான், மரியாதையாகவே பேசினார்கள். சட்டப் பிரிவை வாசித்தேன், படத்தைக் காட்டினேன். நீல நிறம் சுவரோடு பொருந்தவில்லை என்றார் ஒருவர். அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, சுவரின் பழுப்பு நிறத்தையே பூசித் தருவதாக ஒப்புக்கொண்டேன். அப்புறம் அபராதத்தை விலக்கிக்கொண்டதாகக் கடிதம் வந்தது. எனக்கு முதலில் வந்த மாதிரி அபராதக் கடிதத்துக்குப் பயந்து டிரம்மைத் தூக்கிப் போட்ட குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அவர்கள் கட்டும் சந்தாவில்தான் அந்தக் கடிதங்களும் அச்சாகின்றன, அதுதான் கோபம் வருகிறது.

போர்டு கூட்டங்களில் உறுப்பினர்கள் உட்காரலாம் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. இப்போது தவறாமல் போகிறேன். டிரம்முக்கு எந்த நிறம், எந்த இடம் என்பதைத் தெளிவாக எழுதி எல்லா வீட்டுக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்களுக்கும் இப்படிக் கடிதம் வந்தால் முதலில் அது தபாலில் சேர்ந்த தேதியைப் பாருங்கள், 30 நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடுகிறது. வேறு மாநிலமென்றால் அந்த மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.