ஏற்றுவதற்கு முன் வீலைப் பிரித்துப் பாருங்கள்

பைத்தான் பேக்கேஜை பைபிஐ என்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றும் முன், பயனர் நிறுவும் கோப்பான வீலைச் சோதிப்பது பற்றியது இது. 2021 ஜூலையில் வந்த ரிக்வெஸ்ட்ஸ் (இணையத்திலிருந்து தரவு கேட்கும் லைப்ரரி) 2.26, பைத்தான் 3-இல் எழுத்துக் குறியாக்கத்தைக் கண்டறியும் சார்டெட்டை விட்டுவிட்டு சார்செட்-நார்மலைசருக்கு மாறியது. அதில் தவறே இல்லை. ஆனால் நிரலில் சார்டெட்டை இம்போர்ட் செய்துவிட்டு, டிபென்டன்சி (சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள்) பட்டியலில் ரிக்வெஸ்ட்ஸை மட்டும் எழுதிவைத்த பேக்கேஜ்கள், புதிதாக நிறுவும் கணினிகளில் ஓடாது. எழுதியவர் கணினியில் பழைய சார்டெட் கிடப்பதால் அவருக்கு மட்டும் ஓடும். அடுத்த வீட்டுக் கிணற்றை நம்பி உலை வைத்த கதை.

பயனர் நிறுவப்போகும் அதே கோப்பை வெறும் சூழலில் ஓட்டிப் பார்த்தால் இது அகப்பட்டுவிடும். பில்ட் கருவியைக் கூடுதல் கட்டளை எதுவும் தராமல் இயக்குங்கள்: முதலில் எஸ்டிஸ்ட் (மூலநிரல் தொகுப்பு), பிறகு அதிலிருந்தே வீல் கட்டும். வீலை மட்டும் கேட்டால் நேரே உங்கள் ஃபோல்டரிலிருந்து கட்டிவிடும். எஸ்டிஸ்டில் விடுபட்ட டெம்ப்ளேட் கோப்பு கண்ணில் படாது.

வீல் வெறும் ஜிப்தான். பிரித்து, டிஸ்ட்-இன்ஃபோ ஃபோல்டரில் உள்ள மெட்டாடேட்டா கோப்பில் 'ரிக்வயர்ஸ்-டிஸ்ட்' வரிகளைப் படியுங்கள். டிபென்டன்சிகளுக்கு பிப் (பேக்கேஜ் நிறுவும் கருவி) நம்புவது இந்த வரிகளைத்தான். நீங்கள் தனியாக வைத்திருக்கும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு தானாக உள்ளே போகாது. இம்போர்ட் பெயரைப் பார்த்து எழுதினாலும் தவறாகலாம்: யாமல் என்று இம்போர்ட் செய்வது பைபிஐயில் பையாமல், சிவி2 அங்கே ஓப்பன்சிவி-பைத்தான்.

அடுத்து புது வென்வ், அதாவது வேறெதுவும் நிறுவாத தனிச் சூழல். நிரல் இருக்கும் ஃபோல்டரை விட்டு வெளியே வந்து வீலை நிறுவுங்கள். உள்ளேயே நின்றால் பைத்தான் வீலை விட்டுவிட்டு உங்கள் மூலக்கோப்பையே எடுத்துக்கொள்ளக்கூடும். டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்டை நிறுவும் முன் எல்லா மாட்யூலையும் ஒருமுறை இம்போர்ட் செய்துவிடுங்கள். பைடெஸ்ட் தன்னோடு 'பேக்கேஜிங்' லைப்ரரியையும் கூட்டிவரும்; நீங்கள் அதை அறிவிக்க மறந்திருந்தால் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். 'பிப் செக்' இங்கே உதவாது, அது அறிவித்தவற்றை மட்டும்தான் சரிபார்க்கும்.

'>=2.0' என்று எழுதினால் 2.0-இலும் ஓட்டிப் பாருங்கள். பேக்கேஜ் நிறுவும் இன்னொரு கருவியான யூவியில், நேரடி டிபென்டன்சிகளின் மிகப் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் 'லோயஸ்ட்-டைரக்ட்' என்ற ரெசல்யூஷன் இதற்கே இருக்கிறது.

டிபென்டன்சியின் பதிப்புக்கு மேல் வரம்பு வைப்பதா என்பதுதான் தீராத சண்டை. 2022 பிப்ரவரியில் மார்க்அப்சேஃப் லைப்ரரியின் 2.1, 'சாஃப்ட்_யூனிகோட்' ஃபங்ஷனை நீக்கியது. அதற்கு மேல் வரம்பு வைக்காத டெம்ப்ளேட் லைப்ரரி ஜின்ஜா 2.x அந்த ஃபங்ஷனை இம்போர்ட் செய்ய முடியாமல் விழுந்தது. ஆனாலும் லைப்ரரிக்குக் கண்மூடித்தனமாக '<3' போடுவது எனக்கு உடன்பாடில்லை. உங்களைப் பயன்படுத்துவோர் அத்தனை பேரையும் அது கட்டிப்போடும். மார்க்அப்சேஃப் 2.0-இலேயே டெப்ரிகேஷன் (இனி நீக்கப்படும் என்ற) எச்சரிக்கை இருந்தது. எச்சரிக்கைகளைப் பிழையாக மாற்றி, வாரம் ஒருமுறை புதிய பதிப்புகளோடு சிஐ (தானியங்கிச் சோதனை) ஓட்டினால் முன்கூட்டியே தெரியும்.

பைத்தான் பதிப்புக்கான வரம்பைத் தாமதமாகச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 1.4-இல் 'ரிக்வயர்ஸ்-பைத்தான்' எழுத மறந்து, 1.4.1-இல் '>=3.10' சேர்த்தீர்கள் என்று வையுங்கள். பைத்தான் 3.8 வைத்திருப்பவரின் பிப் 1.4.1-ஐத் தாண்டிப்போய், வரம்பே இல்லாத 1.4-ஐ நிறுவும். திருத்தம் வெளியிட்ட பிறகும் புகார் நிற்காது. ஏற்றிய கோப்பின் மெட்டாடேட்டாவைத் திருத்த வழியில்லை. அழித்தாலும் அதே கோப்புப் பெயரில் பைபிஐ மறுபடி ஏற்ற விடாது. எனவே 1.4-ஐ யாங்க் (அழிக்காமல் ஒதுக்கிவைப்பது) செய்யுங்கள், காரணத்தையும் அங்கேயே எழுதுங்கள். '==1.4' என்று பதிப்பைக் குறிப்பிட்டு எழுதியவர்களுக்கு அது தொடர்ந்து கிடைக்கும். பைத்தான் 3.8 வைத்திருக்கும் மற்றவர்களுக்கு பிப் முந்தைய 1.3-ஐக் கொடுத்துவிடும்.