பயமுறுத்தினால் மட்டும் போதுமா?

ரைஸ் மில்லில் சேஃப்டி கிளாஸ் என்றாலே நம் ஆட்களுக்குக் கொட்டாவிதான். மன்னார்குடி பக்கம் புழுங்கல் மில்லில் 20 வருஷமாக நெல் அவிக்கிறவருக்குச் சுவரில் நாலு படம் ஓட்டினால் என்ன ஏறும்? அதனால்தான் இப்போது விஆர் ஹெட்செட் (கண்ணில் மாட்டினால் நிஜம் போலவே காட்சி காட்டும் கருவி) பற்றிப் பேசுகிறார்கள். மெஷின் பெல்ட்டில் கை சிக்குவது, உயரத்திலிருந்து விழுவது எல்லாம் கண்ணெதிரே நடக்கும், மாட்டியவர் அலறுவார். சரி, அலறினால் போதுமா?

போதாது என்பது 1965லேயே தெரிந்த விஷயம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவன்தாலும் அவருடைய குழுவினரும் மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். பயங்கரப் படங்களைப் பார்த்தவர்கள் அதிகம் பயந்தார்கள், ஊசி அவசியம் என்றார்கள், ஆனால் அந்தக் கூடுதல் பயத்தால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் கூடவில்லை. எங்கே, எந்த நேரத்தில் போக வேண்டும் என்று வரைபடத்தோடு சொல்லப்பட்டவர்கள்தான் கிளம்பிப் போனார்கள்.

நம் மில்களில் எனக்கு வயிற்றைக் கலக்குவது கழிவுநீர்த் தொட்டி. நெல் ஊறவைத்த தண்ணீர் அங்கே தேங்கி அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு வரும். முதலில் அழுகின முட்டை வாடை. 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துவிடும், வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குவார்கள். இறங்கியவர் சரிந்துவிடுவார். மேலே நிற்பது யார்? மச்சானோ, சித்தப்பா மகனோ, அதே தெருப் பையனோ, ஏனென்றால் இங்கே ஒரு ஷிப்டில் பாதி சொந்தபந்தம்தான். அவன் சும்மா நிற்பானா, குதித்துவிடுவான். அப்புறம் இன்னொருவன். தொட்டிச் சாவுகள் இரண்டு மூன்றாக வருவது இப்படித்தான்.

2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவே வாயுவைப் பரிசோதிக்கச் சொன்னது, இல்லையென்றால் சுவாசக் கருவியோடு இடுப்பில் பெல்ட் கட்டி, கயிற்றை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. இது தெரிந்தவனும் குதிப்பான், பாசம் அப்படி.

விஆர் உதவுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். உள்ளேயிருந்து “மாமா, மூச்சு முட்டுது, தூக்கு மாமா” என்று தஞ்சாவூர்ப் பேச்சில் குரல் வரட்டும் (டப்பிங் பட வசனத் தமிழில் வந்தால் சிரித்துவிடுவார்கள்). மாட்டியவர் இறங்கக்கூடாது. கத்தி ஆள் சேர்க்கணும், உள்ளே காற்றடிக்கிற ப்ளோயரைப் போடணும், கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுக்கணும், 101க்கும் 108க்கும் அடிக்கணும். இறங்கினால் திரை கறுத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. மனசு பதறும்போதே கை கயிற்றைத் தேடுகிற வரைக்கும் இதே பழக்கம்தான்.

வயசானவர்களுக்குத் தலை சுற்றும், உட்காரவைத்துத்தான் மாட்டணும். வீட்டில் ஒருவரை இப்படிப் பறிகொடுத்தவரைக் கட்டாயப்படுத்தவே கூடாது.

முதலாளிகள் முதலில் ஹெட்செட் என்ன விலை என்றுதான் கேட்பார்கள். தொட்டிப் பக்கத்தில் விஷவாயுவை அளக்கிற கேஸ் மீட்டரும் பெல்ட்டும் கயிறும் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். இல்லாத மில்லில் எதைப் பிடிக்கச் சொல்லிப் பழக்குவது?