பெய்ஜிங் அரண்மனைத் தோட்டம்: பூவும் பழமும் சொல்ற சிலேடை

நேத்து ராத்திரிதான் பெய்ஜிங்லேர்ந்து வந்தோம், பெட்டிகூட பிரிக்கல. ரூட், டிக்கெட், சாப்பாடுன்னு வரிசையா எழுதறேன்னு சொல்லியிருந்தேன், அதெல்லாம் அடுத்த பதிவுல. இன்னிக்கு மனசு பூரா சம்மர் பேலஸ்தான், சீன ராஜ குடும்பத்தோட கோடை அரண்மனை.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, கேட் வாசல்ல வந்து கூப்பிடற கார்ல ஏறவே ஏறாதீங்க! அக்காவுக்கு கால் வலின்னு திரும்பும்போது ஏறினோம், ஏறறப்ப 60 யுவான்னு சொன்ன டிரைவர் இறங்கறப்ப ஆளுக்கு 60ன்னு நின்னுட்டாரு. 120 யுவான், நம்ம காசுல 1400க்கு மேல. மெட்ரோ 4வது லைன் பக்கத்துலயே போகுது, சில்லறைல முடிஞ்சிருக்கும். இன்னும் வயிறு எரியுது.

சீசன்ல நுழைவு 30 யுவான், உள்ள இருக்கற தனி இடங்களுக்கும் சேர்த்து வாங்கினா 60. எல்லாரும் 728 மீட்டர் நீள நடைபாதைல போட்டோ எடுத்துட்டு படகுக்கு ஓடறாங்க. தப்பு பண்றாங்கன்னுதான் சொல்வேன். 19ம் நூற்றாண்டுக் கடைசில சீன ஆட்சியைக் கைல வெச்சிருந்த பேரரசி சிக்ஸி தங்கின லெ-ஷோ-தாங் மாளிகை முன்னாடி அரை மணி நேரமாவது நில்லுங்க. உள்ள விட மாட்டாங்க, கண்ணாடி வழியாதான் பார்க்கணும், கைய ரெண்டு பக்கமும் வெச்சு மூக்கு ஒட்டற மாதிரி நின்னாதான் தெரியும்.

சிம்மாசனத்துக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பெரிய பீங்கான் தட்டு, நீல டிராகன் போட்டது. சாப்பிட இல்ல, வாசனைக்கு பழம் அடுக்கி வைக்கறதுக்காம். பக்கத்துல நின்ன ஒரு பாட்டிதான் மொபைல்ல பேசி டிரான்ஸ்லேட் பண்ணி காட்டினாங்க. இப்படி வைக்கற பழங்கள்ல ஒண்ணு நம்ம நார்த்தங்காய் ஜாதி, விரல் விரிச்ச மாதிரி இருக்கும், ஃபோ-ஷோ, புத்தர் கைன்னு பேரு. ஃபு-ஷோன்னு சொன்னா அதிர்ஷ்டமும் ஆயுளும். சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால பழத்தை வெச்சாலே வாழ்த்து சொன்ன மாதிரி. அப்படியே நம்ம சிலேடைதான்! எனக்கு புல்லரிச்சுடுச்சு.

அப்புறம் பாட்டி எங்களைத் திருப்பி முற்றத்தைக் காட்டினாங்க. மக்னோலியா, ஹைதாங் (ஒரு வகை காட்டு ஆப்பிள் மரம்), பியோனி. நாங்க போனது ஏப்ரல் நடுவுல, மக்னோலியா கொட்டி முடிஞ்சிருந்தது, ஹைதாங் பூத்திருந்தது, பியோனி மொட்டு விட்டிருந்தது. மக்னோலியா பேர் யு-லான், அதுல யு, ஹைதாங்ல தாங், பியோனி செல்வப் பூ, அதாவது ஃபு-குய். சேர்த்துப் படிச்சா யு-தாங்-ஃபு-குய், இந்த மாளிகைல செல்வமும் கௌரவமும் நிறையட்டும்னு அர்த்தம். தோட்டத்துல நட்டதும் உள்ள தட்டுல வெச்சதும் ஒரே பாஷைல பேசுது.

பசிக்கு வெளிய ஒரு சின்ன கடைல ஜாஜியாங் நூடுல்ஸ், 25 யுவான். கெட்டியான சோயா விழுது, பொடியா வெட்டின பன்றிக்கறி, மேல வெள்ளரியும் முள்ளங்கியும் நூல் நூலா, நாமளே கலந்துக்கணும். அக்கா ரெண்டாவது கிண்ணம் சொன்னாங்க. இந்த டிரிப்லயே இதுதான் பெஸ்ட் சாப்பாடு.

மறுநாள் ஃபர்பிடன் சிட்டி, பேரரசர்கள் வாழ்ந்த பழைய அரண்மனை வளாகம், இங்க சீசன்ல 60 யுவான், பாஸ்போர்ட் நம்பர் போட்டு முன்னாடியே புக் பண்ணிடுங்க. பாட்டி சொல்லிக்கொடுத்த கண்ணோட நேரா சு-ஷியு மாளிகைக்குப் போனோம், இங்கயும் கண்ணாடிதான். 1884ல சிக்ஸியோட 50வது பிறந்தநாளுக்கு 6,30,000 தேல் (அந்தக் கால சீன எடை அளவு) வெள்ளி செலவு பண்ணி புதுப்பிச்சது. நடு ஹாலுக்கு ஒரு பக்கம் மூங்கில் செதுக்கின மரத் தடுப்பு, இன்னொரு பக்கம் மக்னோலியா, மூங்கில் தடுப்பைத் தாண்டி உள்ள திராட்சைக்கொடி. கொடி மேலேர்ந்து ரெண்டு பக்கமும் இறங்குது, இலைக்கு நடுவுல கொத்து கொத்தா பழம். திராட்சைன்னா நிறைய பிள்ளைகள், வம்சம் கொடி மாதிரி படரணும்னு வேண்டுதல்.

1856ல சிக்ஸி தன்னோட ஒரே பையனைப் பெத்தது இதே மாளிகைலதான். அவன் பேரரசன் டோங்ஷி, 1875ல 18 வயசுல பிள்ளையே இல்லாம செத்துப்போயிட்டான். திராட்சை செதுக்கினது அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் கழிச்சு. அக்காகிட்ட சொன்னேன், அவங்க ஒண்ணுமே பேசல, திரும்பவும் கண்ணாடி பக்கத்துல போய் நின்னாங்க.