மாதச் சந்தாவா, ஒரேமுறை விலையா?

2013 இல் அடோபி தன் மென்பொருள்களைச் சந்தாவுக்கு மாற்றியது. அன்றிலிருந்து அதன் வீடியோ எடிற்றிங் மென்பொருளான பிரீமியர் புரோவுக்கு மாதாமாதம் டொலர் கணக்கில் கட்டவேண்டும். 2022 இல் இலங்கையில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது அந்தச் சுமை அப்படியே ஸ்ரூடியோக்காரர் தலையில் விழுந்தது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கலியாணமும் சாமத்திய வீடும் மாதம் முழுக்க வராது. ஆடியிலும் மார்கழியிலும் வேலை படுத்துவிடும், சந்தா படுக்காது.

அதனால் இன்னொரு எடிற்றிங் மென்பொருளான டாவின்சி ரிசோல்வ்தான் இங்கே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. இலவசப் பதிப்பில் 4கே வரை வீடியோவை வெளியே எடுக்கலாம், படத்தின்மேல் முத்திரை விழாது. காசு கொடுத்து வாங்கும் ஸ்ரூடியோ பதிப்பு ஒரேமுறை 295 டொலர்.

ஆனால் புதிய சோனி கமராக்களின் 10 பிற் 4:2:2 (நிற விவரம் கூடுதலாக உள்ள) கோப்புகளை விண்டோஸ் இலவசப் பதிப்பு திறக்காது. சத்தம் கேட்கும், படம் வராது. கோப்பு மாற்ற இலவசமாகக் கிடைக்கும் ஷட்டர் என்கோடரில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸ் என்ற எடிற்றிங் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 1080 அளவில் ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 80 ஜிபி பிடிக்கும், ஹார்ட் டிஸ்கில் இடம் பாருங்கள். கைத்தொலைபேசிப் படங்களில் பிரேம் வேகம் (ஒரு செக்கனுக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) கூடிக் குறைவதால் தாலி கட்டும்போது மேளம் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம் போகும். ஹேண்ட்பிரேக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் நிலையான 25 பிரேமுக்கு மாற்றியபின் உள்ளே எடுங்கள்.

முதல் கிளிப்பைப் போடமுன்னமே ரிசோல்வின் புரொஜெக்ட் செற்றிங்ஸில் பிரேம் வேகத்தை 25 என்று வையுங்கள். பிறகு மாற்ற விடாது.