மேல் தாடை விரிகிறது

ஜூன் 2
நாளை கோவையில் ஆபரேஷன். என் மேல் தாடை குறுகல். கடைவாய்ப் பற்களைக் கடித்தால், மேல்வரிசை கீழ்வரிசைக்கு உள்ளே போய் உட்காரும். அதை விரிக்கும் ஹைராக்ஸ் கருவியை ஏற்கெனவே மாட்டிவிட்டார்கள்: நான்கு பற்களில் வளையம், அண்ணத்தின் நடுவே ஒரு திருகு. பத்து வயதில் இந்தத் திருகே போதுமாக இருந்திருக்கும். அண்ணத்தின் இரண்டு பாதிகளும் சேரும் பொருத்து பதின்ம வயதின் கடைசியில் பெரும்பாலும் இறுகிவிடுகிறது. எனக்கு 27. எலும்பை வெட்டித் தளர்த்தினால்தான் திருகு வேலை செய்யும். குழந்தை வைத்திருப்பவர்களே, 7 வயதில் ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், தயவுசெய்து.

ஜூன் 4
முகம் வீங்கியிருக்கிறது. வெட்டு முழுக்க உதட்டுக்கு உள்ளே, வெளியே தழும்பு இல்லை. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மேலுதடு மரத்துக் கிடக்கிறது.

ஜூன் 10
கோபிச்செட்டிபாளையத்துக்கு வந்தாச்சு. வெட்டிய இடத்தில் புதுத் திசு உருவாகட்டும் என்று ஒரு வாரம் விட்டிருந்தார்கள். இன்று முதல் திருப்பு. அம்மா செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருகின் முன்துளையில் விட்டு, அடுத்த துளை கண்ணில் படும்வரை தொண்டைப் பக்கமாகத் தள்ளினார். வாய்க்குள் விழுந்துவிடாமலிருக்கச் சாவியில் நூல் கட்டியிருக்கிறது. ஒரு திருப்புக்கு 0.25 மி.மீ., காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மூக்கின் அடிவரை அழுத்தம் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவுக்கும்தான்.

ஜூன் 15
முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழுந்துவிட்டது! அம்முச்சி (அம்மாவின் அம்மா) பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, நல்லா இருந்த பல்ல இப்புடிப் பண்ணி வெச்சுப்போட்டாங்களே" என்று அழுதே விட்டார். பற்கள் மட்டும் வெளியே சாய்ந்திருந்தால் இந்தச் சந்து வராது அம்முச்சி, எலும்பே பிரிந்ததால்தான் வந்தது என்று விளக்கினேன். சமாதானமானாரோ என்னவோ, அரிசிம்பருப்புச் சோற்றை மிக்ஸியில் அடித்து, நெய் ஊற்றி எடுத்து வந்தார். கூழும் இளநீருமாக இருந்த நாக்குக்கு அது விருந்து.

ஜூன் 25
நேற்று முன்தினத்தோடு திருப்புவது முடிந்தது. 7 மி.மீ. இன்று டாக்டர் திருகு நகராமல் பூட்டிவிட்டார். எக்ஸ்ரேயில் நடுவே கறுப்பாகத் தெரியும் இடத்தில் புது எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கருவியைக் கழற்றினால் தாடை பழையபடி குறுகத் தொடங்கிவிடும். முன்பல் சந்து தானாகவே கொஞ்சம் மூடும், மீதியைக் கிளிப் போட்டு இழுப்பார்கள். பேச்சு இன்னும் குழறுகிறது. இருந்தாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன்.